எழுத்தில்லாத கார்

கார் பின்பக்கத்தில் இரண்டு எழுத்து ஒட்டாமல் டென்மார்க் போனேன். அது முட்டாள்தனம் என்று இப்போது சொல்கிறேன். அன்று அப்படிச் சொன்னவர்களோடு சண்டை பிடித்தேன்.

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு நாட்டுக் கார் இன்னொரு நாட்டுத் தெருவில் ஓடினால் அது எந்த நாட்டுக் கார் என்று பின்னால் தெரியவேண்டும். முட்டை வடிவத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதில் கறுப்பு எழுத்து. இங்கிலாந்துக் காருக்கு ஜி.பி. டென்மார்க் காருக்கு டி.கே. லண்டனில் பெற்றோல் அடிக்கிற இடத்திலேயே விற்பார்கள். நானும் வாங்கினேன். வாங்கிக் காரின் முன் லாச்சிக்குள், மாதா படத்துக்கு அடியில் போட்டேன். ஒட்ட மனம் வரவில்லை.

நான் போனது ஊர் பார்க்க இல்லை. என் தம்பி அருள்தாஸ் பிராண்டேயில் இருந்தான். யூட்லாந்தின் நடுவில் ஒரு சின்னத் தொழிற்சாலை ஊர். அவனை அகதியாக ஏற்று, இருக்க அனுமதியும் கொடுத்திருந்தார்கள். அவனுடைய மனைவி றெஜினாவும் மகள் ஷாமினியும் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் ஒற்றை அறையில் கிடந்தார்கள். அவன் விட்டுவந்தபோது பிள்ளைக்கு ஐந்து மாதம். இப்போது நான்கு வயது. அவர்களைக் கூப்பிட அந்த நாட்டுச் சட்டமே அவனுக்கு உரிமை கொடுத்திருந்தது. விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

பிறகு திடீரென்று ஒரு கடிதம் வந்தது. கலியாணப் பதிவின் மூலப் பத்திரமும் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் வியாழக்கிழமை மூன்று மணிக்குள் பொலிஸ் நிலையத்தில் காட்டப்படவேண்டும். காட்டாவிட்டால் கோப்பு மூடப்படும். முன்பு தபாலில் அனுப்பிய பிரதிகள் தெளிவில்லையாம்.

அந்தப் பத்திரங்கள் என்னிடம்தான் இருந்தன. போன மாதம் கொழும்பு போனபோது றெஜினா அவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து என் கையில் தந்தாள். "மச்சாள், இதைத் தபாலிலை போட்டிடாதேங்கோ" என்றாள். பிளேனில் போயிருந்தால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் பிராண்டேயில் அப்போது தமிழ்க்கடை கிடையாது. மூன்று ஆண்கள் ஒரு வீட்டில் மிளகாய்த்தூளை எண்ணி எண்ணிப் போட்டுச் சமைக்கிறார்கள் என்று தம்பி எழுதியிருந்தான். ஆகவே காரில் அரிசி ஏற்றினேன், தூள் ஏற்றினேன், இடியப்ப உரல் ஏற்றினேன். கப்பல் வியாழன் மத்தியானம் போய்ச் சேரும், மூன்று மணிக்கு நிறைய நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை கப்பலில் சாப்பாட்டு மேசையைப் பார்த்ததும் பயந்துபோனேன். மீனைச் சீனியும் வினாகிரியும் விட்டு ஊறப்போட்டிருந்தார்கள். பச்சை மீன். பக்கத்தில் கறுப்பாக, செங்கல்மாதிரி ஒரு பாண். எதிரே இருந்த டேனிஷ் லொறிக்காரன் பாணுக்கு மேலே வெண்ணெய், வெண்ணெய்க்கு மேலே மீன், மீனுக்கு மேலே பச்சை வெங்காயம் என்று வீடு கட்டுகிறமாதிரி அடுக்கி, கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்து வெட்டிச் சாப்பிட்டான். நான் என் பொதியில் இருந்த புட்டையும் மாசிச் சம்பலையும் எடுத்தேன். மணம் பட்டதும் அவன் தலையைத் தூக்கினான். கொஞ்சம் கொடுத்தேன். கண்ணீர் வழிய வழிய முடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

"உங்கள் ஆட்கள் இங்கிலாந்தில் காலையில் சாப்பிடும் பன்றி இறைச்சியை நான்தான் கொண்டுபோய் இறக்குகிறேன்" என்றான்.

"அவர்கள் என் ஆட்கள் இல்லை" என்றேன்.

"அப்போ உங்கள் ஆட்கள் யார்?"

"அவர்களிடம்தான் போகிறேன்."

அடுத்த நாள் காலை கார்த்தட்டில் அவனே என் காரைச் சுற்றிப் பார்த்தான். வலது பக்கம் ஓடும் நாட்டில் இங்கிலாந்துக் காரின் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும், அதற்குக் கறுப்பு டேப் ஒட்டவேண்டும் என்று சொல்லி, தன் டேப்பையே எடுத்து ஒட்டியும் தந்தான். பிறகு பின்பக்கம் போய் நின்றான்.

"எழுத்து இல்லையே. மறிப்பார்கள்."

"மறித்தால் பார்த்துக்கொள்கிறேன்."

தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். என் காரில் அன்று நான் ஒட்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 'வலது' என்று எழுதிய கடதாசித் துண்டு.

காற்றுக்குக் கப்பல் ஒன்றரை மணி நேரம் பிந்தியது. எஸ்பியர்க் துறைமுகத்தில் சுங்கக்காரப் பெடியன் ஒருவன் மிளகாய்த்தூள் பையைத் திறக்கச் சொன்னான். வேண்டாம் என்றேன். திறந்தான். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனான். அதன் பிறகு அவனால் ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை. தும்மித் தும்மிக் கையால் போ போ என்றான்.

நான் தெருவில் ஏறும்போது இரண்டு மணியாகிவிட்டது. ஒரு மணி நேர ஓட்டம். வலது, வலது என்று சொல்லிக்கொண்டு ஓடினேன். டென்மார்க் தட்டையான நாடு. மலை இல்லை, மேடு இல்லை, ஒளிக்க ஒன்றும் இல்லை. வயல், பண்ணை வீடு, கொடிக்கம்பம், பசு. மழை தூறியது. பத்து நிமிடம் ஓடியிருப்பேன், பின்னால் நீல விளக்கு.

பொலிஸ்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நெட்டையான மனிதர். இடது பக்கக் கண்ணாடியைத் தட்டினார். அங்கே அரிசி மூட்டை இருந்தது. மூட்டை சரியாமல் இருக்க அதற்குச் சீட் பெல்ட் போட்டிருந்தேன். மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுற்றி என் பக்கம் வந்தார்.

"இது எந்த நாட்டுக் கார்?" நல்ல இங்கிலீஷ்.

"இலக்கத்தகட்டைப் பாருங்கள்."

"தகடு பார்த்தேன். எழுத்து எங்கே?"

"லாச்சிக்குள் இருக்கிறது."

"அது இருக்கவேண்டிய இடம் பின்பக்கம்."

"ஒட்டமாட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. "ஒட்ட மறந்துவிட்டீர்களா?"

"மறக்கவில்லை. ஒட்டமாட்டேன்."

அவர் சட்டம் சொன்னார். நான் காரால் இறங்கி மழையில் நின்றுகொண்டு என் அப்பாவின் கதையைச் சொன்னேன். அப்பா யாழ்ப்பாணத்தில் ஹயர் கார் ஓடியவர். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, எல்லா வாகனத்தின் இலக்கத்தகட்டிலும் சிங்களச் சிறீ எழுத்துத்தான் இருக்கவேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. ஒரே ஒரு எழுத்து. எங்கள் ஆட்கள் அதன்மேல் தார் பூசினார்கள், தமிழில் எழுதினார்கள். அப்பாவும் எழுதினார். புத்தளத்துக்கு ஹயர் போன இடத்தில் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களவர்கள் மறித்து அடித்தார்கள். அதன் பிறகு சாகும்வரைக்கும் அப்பாவுக்கு வலது காது கேட்கவில்லை. "ஒரு எழுத்துக்காக" என்று பொலிஸ்காரரிடம் கத்தினேன். "இப்போது நீங்களும் எழுத்து எழுத்து என்கிறீர்கள். லண்டனில் என் வீட்டுக் கதவில் 'உன் நாட்டுக்குப் போ' என்று பெயின்றால் எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய நாட்டின் பெயரை நான் என் காரில் ஒட்டவா?"

அவர் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் முடித்தபிறகு சொன்னார்:

"உங்கள் தகப்பனுக்கு நடந்தது அநியாயம். ஆனால் இது உங்களைப் பற்றிய எழுத்து இல்லை, மேடம். காரைப் பற்றியது. நீங்கள் யாருடைய பசுவையாவது இடித்துவிட்டுப் போனால் எந்த நாட்டுக்குக் கடிதம் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவேண்டும். அவ்வளவுதான்."

"நான் பசுவை இடிக்கமாட்டேன்."

"அது பசுவுக்குத் தெரியாது."

நான் இன்னும் வாய் காட்டினேன். அவர் அமைதியாக, எழுத்து ஒட்டும்வரை கார் இந்த இடத்தை விட்டு அசையாது என்றார். அப்போதுதான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டரை தாண்டியிருந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் நான் மழையில் நின்று நியாயம் பேசியிருக்கிறேன். பிஸ்கட் டின் சீட்டுக்கு அடியில் இருந்தது.

ஓடிப்போய் ஸ்டிக்கரை எடுத்தேன்.  ஈரத் தகரத்தில் ஒட்டவில்லை, சுருண்டது. அவர் தன் கைலேஞ்சியை எடுத்துத் தகரத்தைத் துடைத்து, ஸ்டிக்கரை வாங்கி வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். கோணலாக ஒட்டிவிட்டது.

"எங்கே இவ்வளவு அவசரம்?" என்று அதன் பிறகுதான் கேட்டார்.

பத்திரங்களையும் மூன்று மணியையும் பற்றிச் சொன்னேன். தம்பியின் பெயரைக் கேட்டு ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டு தன் காருக்குள் போனார். வயர்லெஸ்ஸில் யாரோடோ கதைத்தார். நிறைய நேரம் கதைத்தார். சரி, இதையும் தம்பியின் கணக்கில் எழுதப்போகிறார்கள், என் வாயால் அவன் கோப்பில் இன்னொரு பக்கம் கூடப்போகிறது என்று நினைத்தேன். திரும்பி வந்து, "போங்கள். வலது பக்கம்" என்றார். தண்டம் எழுதவில்லை.

பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. அருள் வெளியே தாழ்வாரத்துக்குக் கீழே நின்றான். தொழிற்சாலை உடுப்போடே வந்திருந்தான். நான்கு வருடத்தில் முன்மண்டை மயிர் போய்விட்டது. என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை.

"மூண்டுக்குப் பூட்டிப்போட்டினம், அக்கா" என்றான். "கப்பலே பிந்தினது?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் பொய் சொல்ல எனக்கு வராது.

"கப்பலும்தான். வழியிலை பொலிஸ் மறிச்சது. எழுத்து ஒட்டேல்லை எண்டு. நான் சண்டை பிடிச்சனான்."

"என்ன எழுத்து?"

காட்டினேன். அவன் அந்தக் கோணல் ஸ்டிக்கரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இந்த ரெண்டு எழுத்தை ஒட்டாததாலையோ?" என்றான். குரல் உயரவில்லை. "அக்கா, இந்த ரெண்டு எழுத்தாலை என்ரை பிள்ளை..."  சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.  

அப்போது கதவு திறந்தது. மழைக்கோட்டுப் போட்டு, கையில் திறப்புக்கோர்வையோடு ஒரு பெண் வெளியே எட்டிப் பார்த்தார். என் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது.

"எழுத்தில்லாத கார்க்காரி நீங்கள்தானா? வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். உள்ளே வாருங்கள். நான் பஸ்ஸை விட்டுவிட்டேன்."

அந்த நெட்டை மனிதர் என்னைப் பற்றி முறைப்பாடு கொடுக்கவில்லை. எனக்காகக் கதவைத் திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண் கோட்டைக் கழற்றாமலே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரங்களை எழுத்து எழுத்தாகப் பார்த்தார். றெஜினாவின் பின்பெயர் ஏன் வேறு என்று கேட்கப்போகிறார் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. "தகப்பனின் பெயர், தெரியும்" என்றார். "உங்கள் ஆட்களின் கோப்புகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன்." முத்திரை குத்தினார்.

"பதில் எப்போது வரும்?" என்றேன்.

"இது கோப்பன்ஹேகன் போகும்."

"அது எங்களுக்கும் தெரியும். எப்போது வரும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழுத்து சிவந்துவிட்டது. "இந்த மேசையிலிருந்து போன தமிழ்க் கோப்பு ஒன்றுகூட இன்னும் திரும்பி வரவில்லை. ஏன் என்று நானும் கேட்டு எழுதினேன். எனக்கும் பதில் இல்லை."

லண்டனிலிருந்தே கத்துவதற்கு ஆயத்தமாக வந்தவள் நான். கத்த ஒரு ஆள் அகப்படவில்லை. மறித்தவர் நல்லவராக இருக்கிறார், மேசையில் இருப்பவர் வெட்கப்படுகிறார். அப்படியென்றால் எவன் இதைச் செய்கிறான்? முகம் இல்லாத ஒருவனை எப்படி ஏசுவது?

அன்று பின்னேரம் பிராண்டே வீட்டில் அருள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மன்னாரைச் சேர்ந்த சந்தியாப்பிள்ளை அண்ணை, மனைவியும் மூன்று பிள்ளைகளும் மன்னாரில். சாவகச்சேரியைச் சேர்ந்த குகன், கலியாணம் கட்டி ஆறாம் மாதம் ஓடிவந்தவன். மூவரும் விண்ணப்பம் போட்டவர்கள். மூவருக்கும் பதில் இல்லை. மூவரும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கி வைத்திருந்தார்கள். பிராண்டேயில் கார் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி.

குகன் இடியப்ப உரலைக் கண்டதும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அக்கா, என்ரை மனுசியைக்கூட நான் இப்பிடிக் கட்டிப்பிடிக்கேல்லை."

"அதுதான் அவள் இன்னும் வரேல்லை" என்றார் சந்தியாப்பிள்ளை அண்ணை.

டின் மீனில் குழம்பும், பசுப்பாலில் சொதியும் வைத்தார்கள். தேங்காய்ப்பால் இல்லாத சொதி. அதை நான் சொதி என்று ஒப்புக்கொள்ளவில்லை, சொல்லியும்விட்டேன். ஒருவரும் கோபிக்கவில்லை. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

பால் எடுக்கப் போனபோதுதான் பிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். முட்டை வடிவத் தகடு, டி.கே. என்று எழுத்து. பின்னால் காந்தம் வைத்த சாதி. காரில் ஒட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். அது அழுத்திப் பிடித்திருந்தது மூன்று படங்களை. மேலே இருந்தது ஷாமினி. லொட்ஜ் கட்டிலில், பூப்போட்ட சட்டையோடு, யாரோ சிரிக்கச் சொன்னதால் சிரித்துக்கொண்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த நாடு உங்கடை பெண்சாதி பிள்ளையளை உள்ளுக்கு விடேல்லை. நீங்கள் அதின்ரை பேரை எடுத்துப் பிள்ளையின்ரை தலைக்கு மேலை குத்தி வைச்சிருக்கிறியள்!"

சந்தியாப்பிள்ளை அண்ணை சாப்பாட்டை நிறுத்தினார். "தங்கச்சி, அது ஒரு நேர்த்தி. ஜெர்மனியிலை கெவலார் மாதாவிட்டை எங்கடை சனம் வருசா வருசம் கூடுது, ஊரிலை மடு மாதாவிட்டைப் போறமாதிரி. நாங்கள் மூண்டு பேரும் போகேல்லை. ஆரின்ரை குடும்பம் முதல் வருதோ, அண்டைக்குத்தான் உது பிரிட்ஜிலையிருந்து காருக்கு ஏறும். எல்லாரும் ஒண்டாப் போறது. அதுவரைக்கும் ஒருத்தரும் எல்லை தாண்டுறேல்லை எண்டு பேச்சு."

"நீ சைவக்காரன், உனக்கென்ன நேர்த்தி?" என்று குகனைக் கேட்டேன்.

"மாதாவும் அம்மன்தானே, அக்கா. விசா எடுத்துத் தாற ஆள் ஆரெண்டாலும் நான் கும்பிடுவன்."

சிரித்தோம். அருள் சிரிக்கவில்லை. கோப்பையைக் கழுவியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான்:

"உங்களுக்குப் பாஸ்போட் இருக்கு, அக்கா. ஒட்ட ஒண்டு இருக்கிறவைக்குத்தான் ஒட்டமாட்டன் எண்டு நிக்கிற திமிர் வரும். எங்களுக்கு முதல்லை ஒட்ட ஒண்டு வரட்டும். பிறகு நாங்களும் உங்களைமாதிரிக் கோவிக்கிறம்."

  என் கைப்பையில் இங்கிலாந்துப் பாஸ்போட் இருந்தது. அதைக் காட்டித்தான் கொழும்பும் போனேன், இங்கேயும் வந்தேன். பாஸ்போட்டைப் பைக்குள் வைத்திருக்க எனக்குக் கூச்சம் இருக்கவில்லை. காரில் ஒட்டத்தான் ரோஷம் வந்தது.

வெள்ளிக்கிழமை அவர்கள் வேலைக்குப் போனபிறகு தனியாக ஊரைச் சுற்றினேன். ஊர் முடிகிற இடத்தில் ஒரு பண்ணை வீட்டு வாசலில் மேசை போட்டு உருளைக்கிழங்குப் பைகளை அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு டப்பா. விற்க ஆள் இல்லை. எடுக்கிறவன் காசை டப்பாவில் போட்டுவிட்டுப் போகவேண்டும். எங்கள் ஊரில் என்றால் கிழங்கும் இருக்காது, டப்பாவும் இருக்காது, கடைசியில் மேசையும் இருக்காது. ஒரு சைக்கிள்காரக் கிழவி வந்து, காசைப் போட்டு, பையை எடுத்து, எனக்குக் காலை வணக்கமும் சொல்லிவிட்டுப் போனாள். உருளைக்கிழங்கில் இவ்வளவு நேர்மையான நாடு, ஒரு பிள்ளையின் விஷயத்தில் ஏன் இப்படி இருக்கிறது? அந்த மேசைக்கு முன்னால் நின்று வாய்விட்டே கேட்டேன். கிழங்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பை வாங்கிவந்து பிரட்டல் கறி வைத்தேன். நல்ல கிழங்கு. அதையும் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை நான் புறப்பட்டேன். அருள் துறைமுகம் வரைக்கும் வந்தான், ரயிலில் திரும்பலாம் என்று. என் காரில் அவன் இருந்தது இடது பக்கம், அந்த நாட்டில் ஓட்டுநர் இருக்கும் இடம். முந்திப் போன ஒரு காரின் பின்சீட்டில் இருந்த சின்னப் பெண் ஸ்டியரிங் இல்லாமல் ஓட்டுகிற மனிதனைக் கண்டு வாயைப் பிளந்தாள். அருள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். அவள் வீரிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் வந்தபிறகு அவன் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். அந்தக் கார் மறைந்தபிறகு, "நாலு வயசு இருக்கும், என்ன?" என்றான். "ஓம்" என்றேன்.

எஸ்பியர்க்கில் காருக்குள் இருந்து இறங்கியவன் நேரே பின்பக்கம் போனான். மழையில் ஒட்டியதால் ஸ்டிக்கரின் ஒரு கரை எழும்பியிருந்தது. பெருவிரலால் அதை அழுத்தித் தேய்த்தான். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்.

"இனி விழாது" என்றான். "லண்டனுக்குப் போனவுடனை உரிச்சுப் போடுவியள், தெரியும்."

"கதைக்காதை, போடா. ரயிலுக்கு நேரமாச்சு."

உரிக்கவில்லை. அதே கோணலில் அது அந்தக் காரில் கிடந்தது, காரை விற்கும்வரைக்கும்.

பிறகு நடந்தது பேப்பர்களில் வந்தது. தமிழ்க் குடும்பங்களின் கோப்புகள் தானாகத் தூங்கவில்லை, மேலே இருந்தே நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று வெளியே வந்தது. விசாரணை வைத்தார்கள். வருடக்கணக்காக விசாரித்தார்கள். கடைசியில் ஒரு அரசாங்கமே அதனால் விழுந்தது. அதை டென்மார்க்கில் இன்றைக்கும் தமிழர் வழக்கு என்றுதான் சொல்கிறார்கள். செய்தது அவர்கள், பெயர் எங்களுடையது. நல்ல ஸ்டிக்கர்.

ஆனால் விசாரணை முடிவதற்கு வெகு முன்பே, நான் போய்வந்து ஒன்றரை வருடத்தில், ஒரு ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. அருள்.

"அக்கா, டி.கே. காரிலை ஏறிட்டுது."

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தொலைபேசி வயர் கதிரை வரைக்கும் எட்டவில்லை, அப்படியே தரையில் இருந்துவிட்டேன்.

"எப்ப வந்தவை?"

"வெள்ளிக்கிழமை. றெஜினா மெலிஞ்சு போனா. படுத்திருக்கிறா."

"மற்றவை? அண்ணையின்ரை குடும்பம்?"

"இன்னும் இல்லை. குகனின்ரையும் இல்லை. அவையின்ரை படத்தை டேப் போட்டு ஒட்டிவிட்டிருக்கிறம். அண்ணைதான் தன்ரை கையாலை காந்தத்தைக் கழற்றித் தந்தவர்."

"ஷாமினியின்ரை படம்?"

 பின்னால் ஒரு பிள்ளையின் கால் சத்தம் கேட்டது, கதவு அடிபடும் சத்தம் கேட்டது.

"படம் இஞ்சை வீடு முழுக்க ஓடித் திரியுது, அக்கா" என்றான். "என்னை மாமா எண்டு கூப்பிடுது."